பரஸ்தானம் வைத்த பை

எண்பதுகளின் பிற்பகுதியில் என் அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். ஒருமுறை ஏறினால் பதினோரு மாதம். ஏழாவது மாதத்தில் அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் அவனுக்குக் கரையில் ஓய்வு கொடுத்தார்கள். காலை பத்து மணிக்குத் தாம்பரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மாலை ஏழு மணிக்குள் துறைமுக வாசலைத் தாண்டியாக வேண்டும். ஒன்பதுக்குக் கப்பல் கிளம்புகிறது. கப்பலைத் தவறவிட்டவன் என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் எந்தக் கம்பெனியும் திரும்பக் கூப்பிடாது. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லும் குரலில்தான் இதையும் சொன்னான்.

குளித்தான், சாப்பிட்டான், தூங்கிவிட்டான். ஆடாத தரையிலும் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டுதான் தூங்கினான். அண்ணி கட்டிலருகே உட்கார்ந்து அவன் பையை அடுக்கினாள். நான் அப்போது ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். ரயில் நேரத்தைப் பார்த்து வைப்பது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு; ஐந்து முப்பத்தைந்து வண்டியை விட்டால், அடுத்தது ஏழு மணிக்குள் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள பீச் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேராது.

அம்மாவின் கவலை வேறு. ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகு காலம்.

"நாலு மணிக்கே கிளம்பிடேன்டா."

"ஏழு மாசம் கழிச்சு வந்திருக்கேன், ஒரு மணி நேரம் முன்னாடியே தொரத்துறியே. ராகு காலம் பாத்தா நடுக்கடல்ல எறங்கி நிக்கணும்மா."

அந்த ஒரு மணி நேரம் அண்ணிக்கும் வேண்டியிருந்தது.

கடைசியில் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். பரஸ்தானம். நல்ல நேரத்தில் பையை மட்டும் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். ஆள் பிறகு கிளம்பலாம். ஆனால் வைத்த பை திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது.

பக்கத்து வீட்டில் கணவன், மனைவி இருவருமே பள்ளி ஆசிரியர்கள், கிறிஸ்தவர்கள். நாலே காலுக்கு நான்தான் பையைக் கொண்டுபோனேன். சார் சிரித்துக்கொண்டே வாங்கினார்.

"எங்க வீட்டுக்கு ராகு வர்றதில்ல தம்பி. பை பத்திரமா இருக்கும்."

எப்போது எடுக்க வருவீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. யார், எங்கே, எப்போது என்று கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

ஐந்து மணிக்கு அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு பாக்கெட்டைத் தடவினான்.

"ஷோர் பாஸ் எங்க?"

"பைல, சைடு ஜிப்ல. சி.டி.சி.யும் அதுலதான். மறந்துடப் போறீங்கன்னு நான்தான் எடுத்து வெச்சேன்" என்றாள் அண்ணி.

சி.டி.சி. கப்பல்காரனின் அடையாளப் புத்தகம்; ஷோர் பாஸ் கரைக்கு இறங்கிவரக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. அதுவும் பாஸும் இல்லாமல் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள். நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். கதவில் பூட்டுத் தொங்கியது.

எதிர் வீட்டு அக்கா அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். "டீச்சரா? இப்பத்தான் பூட்டிகினு போனாங்க. பல்லாவரத்துல ஏதோ ஜெபக் கூட்டமாம். இன்னா மேட்டரு?"

சொன்னேன்.

"அய்ய. ஆளு வூட்ல கீறாரு, பையி கெளம்பிட்சா?"

மணி ஐந்து பத்து. பூட்டை உடைத்துவிடலாம் என்றேன். "நான் போயிடுவேன். நாளைக்கு அவங்க மூஞ்சில நீங்கதான் முழிக்கணும்" என்றான் அண்ணன். பக்கவாட்டு ஜன்னல் திறந்திருந்தது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம், ஆறடி தள்ளி, ஒரு நாற்காலியின் மேல் பை இருந்தது.

அண்ணி முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியைக் கொண்டுவந்தாள். அண்ணன் அதைக் கம்பிக்குள் விட்டான். முதல் தடவை நாற்காலி விரிப்புதான் மாட்டியது. இரண்டாவது தடவை பையின் காது சிக்கியது. பை தரையில் விழுந்தது. இழுத்துச் சுவரோடு சேர்த்து, கொக்கியால் ஜன்னல் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தான். கம்பி இடைவெளியில் பை வராது. அண்ணி தோள்வரை கையை உள்ளே விட்டு ஜிப்பைத் தேடினாள்.

"பையை மட்டும் இந்தப் பக்கம் எடுத்துனு வந்துடாதீங்க" என்றாள் அம்மா காம்பவுண்டுச் சுவருக்கு அப்பாலிருந்து.

ஜிப் பாதியில் நின்றது. அண்ணி பலமாக இழுத்தபோது அவள் கையிலிருந்த கண்ணாடி வளையல் இரண்டு கம்பியில் மோதி உடைந்தன. அவள் கையை எடுக்கவில்லை. முதலில் சீப்பு வெளியே வந்தது, பிறகு ஒரு மாத்திரை அட்டை, பிறகு புத்தகம். பாஸ் அதற்குள் இருந்தது. அவனிடம் கொடுத்ததும் முந்தானையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். கணவன் புறப்படும் நேரத்தில் வளையல் உடைந்ததை அம்மா பார்த்துவிடக்கூடாது. அம்மா பார்க்கவில்லை.

ஐந்து இருபத்து நான்கு. அண்ணன் அவளிடம் "வரேன்" என்றான். நானும் அவனும் ஸ்டேஷன்வரை ஓடினோம். நகரத் தொடங்கிய வண்டியில்தான் ஏறினோம். குரோம்பேட்டை தாண்டியதும் அவன் கேட்டான்.

"அவ கைல ரத்தம் பாத்தியா?"

"பாத்தேன். வளையல் கீறிடுச்சு."

"அம்மாகிட்ட சொல்லாத."

துறைமுக வாசலை அடைந்தபோது ஆறு ஐம்பது. காவலர் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லக்கேஜ் எங்கப்பா?"

"இல்ல சார்."

"நாலு மாசத்துக்கும் இந்த ஒரு சட்டைதானா?"

காவலர் நேரத்தை எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்.

நான் வீடு திரும்பியபோது எட்டு மணிக்கு மேல் ஆகியிருந்தது. சார் எங்கள் வாசலில் பையோடு நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா வழியை மறித்து நின்றாள். "தப்பா நெனக்காதீங்க சார். அது உள்ள வரக்கூடாது."

அண்ணி என்னைப் பார்த்தாள். "உள்ள போயிட்டாரா?"

"போயிட்டான்."

அவள் வெளியே வந்து சாரிடமிருந்து பையை வாங்கி, படியில் வைத்து, பாதி திறந்திருந்த ஜிப்பை மூடினாள். அதைத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்தாள்.

"நாலு மாசம் உங்க வீட்லயே இருக்கட்டுமா சார்?"