ஆணிக்கும் ஓர் இலக்கம்

விசையை அழுத்தினேன், திரையில் இருந்த எண் ஒன்று கூடியது. மறுபடி அழுத்தினேன், இன்னும் ஒன்று. அன்றைய கணினி வகுப்பில் படித்தது அவ்வளவுதான். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

"மச்சான், மாமாட கடைக்கு இதுதான்டா வேணும்!" என்றேன், ஒரே கொம்பியூட்டரின் முன்னால் என்னோடு ஒட்டியிருந்த நண்பனிடம்.

தேற்றாத்தீவில் மெயின் றோட்டோரம் மாமாவுக்கு ஹாட்வெயார் கடை. அவர் கையால் எழுதும் பில்களில் சில இலக்கங்கள் காணாமல் போகும். சில இரண்டு பேருக்குப் போகும். அரசாங்கத்தின் வரிக் கந்தோரில் அவற்றை ஒதுக்கிவிட்டு, தங்கள் மனதுக்குப்பட்ட தொகையைப் போடுவார்கள்.

நண்பனும் நானும் சேர்ந்து வரிசையாக இலக்கமிட்டுப் பில் அடிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதினோம். பழைய கொம்பியூட்டரும், ஊருக்கே கேட்கும்படி கத்துகிற பிரிண்டரும் கடைக்கு வந்தன. சோதனைக்கென்று நண்பன் காலையில் ஒரு பில்லும் கடை பூட்டும்போது ஒரு பில்லும் எடுத்தான். ஒன்றின் இலக்கத்திலிருந்து மற்றதைக் கழித்து, அன்று எத்தனை பில் போனது என்று கடைப்பக்கம் திரும்பாமலே சொன்னான். என்ன மூளை இவனுக்கு என்று வியந்தேன்.

"ஆணிக்கும் பிறப்புப் பத்திரமா முதலாளி?" என்று ஒருவர் பில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஓம், என்ட மருமகன்தான் பதிவுகாரர்" என்றார் மாமா. அந்த முறை வரிக் கந்தோரும் பில்களை அப்படியே ஏற்றுக்கொண்டது.

சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. ஆனால் வாவிக்கு அக்கரையில் இயக்கத்தின் ஆட்சி. அங்கிருந்தும் வரிக்கு ஆள் வரும். மாமா பிளேன்ரீ கொடுத்து, "யாவாரம் படுத்திட்டு தம்பி" என்று புலம்பிப் புலம்பியே தொகையைக் குறைத்துவிடுவார். இந்த முறை வந்தவன் தேநீரைத் தொடவில்லை. மேசையில் இரண்டு பில் துண்டுகளை வைத்தான்.

"அண்ணன், இது காலையில வாங்கின ஆணி. இது பின்னேரம் வாங்கின பிரஷ். இடையில எத்தினை பேர் வந்த எண்டு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

இடையில் போன பில்களை அவனே கழித்துச் சொல்லி, அதற்கேற்ற வரியைக் கேட்டான். அவன் கேட்ட தொகையைக் கட்டினால் மாரிக்கு முன் தகரமும் சீமெந்தும் இறக்க வழியில்லை. அவை இல்லாத ஹாட்வெயார் கடைக்கு மழைக்காலத்தில் யார் வருவார்? கட்டாவிட்டால் அக்கரைக்குப் போய் நின்று பதில் சொல்ல வேண்டும்.

அவன் போனதும் மாமா சொன்னார்: "உன்ட மெசின் என்னைக் காட்டிக் குடுத்திட்டு, மருமகன்."

மெசினுக்கு வாய் இல்லை. என்னை விட்டால் அந்தக் கழித்தல் கணக்கு தெரிந்த வாய் ஒன்றே ஒன்றுதான்.

வகுப்பு வாசலில் நண்பனைப் பிடித்தேன். மறுப்பான் என்று நினைத்தேன், அவன் மறுக்கவில்லை.

"அக்கரையில கேட்டாங்க, சொன்னன். அவங்கட்ட புத்தம்புது கொம்பியூட்டர் இருக்கு மச்சான். இனி அங்கதான் எனக்கு வேலை. நீயும் வாவன்."

"மாமாட கடையில சோறு திண்டவன்டா நீ!"

"சும்மா பறையாத. நான் என்ன பொய்யா சொன்ன? உன்ட மாமா அரசாங்கத்துக்குக் காட்டினதைத்தானே நான் அவங்களுக்கும் காட்டின."

அடிக்கக் கை வரவில்லை. அந்தப் புது மெசினில் என்னென்ன இருக்கிறது என்று கேட்க என் நாக்குத் துடித்ததுதான் இன்னும் கேவலம்.

மாமா கொம்பியூட்டரைச் சீமெந்துப் பையால் மூடிவிட்டு, பழையபடி கையால் பில் எழுதத் தொடங்கினார். அப்படியானால் அடுத்த முறை வரிக் கந்தோர் மறுபடியும் அவற்றை ஒதுக்கும். அக்கரையில் அகப்பட்டது போதாதென்று மாமா இக்கரையிலும் அகப்படுவார்.

அடுத்த நாள் வகுப்பில் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. நான் புரோகிராமைத் திறந்தேன். ஒவ்வொரு பில்லும் இரண்டு தரம் அச்சாக வேண்டும். கடையில் நிற்கும் பிரதியில் இலக்கம் இருக்கும். வாங்குபவர் கொண்டுபோகும் துண்டில் இருக்காது. வரிக் கந்தோர் இதை ஏற்குமா என்று திங்கட்கிழமை நானே போய்க் கேட்பேன். ஏற்றால், அந்தச் சீமெந்துப் பையை ஒருமுறை தூக்கும்படி மாமாவிடம் கெஞ்ச வேண்டும். இந்த முறை சோதனையையும் நான் தனியாகத்தான் செய்வேன்.