வேனில் வந்த சுவர்

மின்னசோட்டாவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் வெர்லின் ஹாகனைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவரைப் பற்றிப் பேசியவர்களும் இல்லை. முப்பத்தோரு வருஷமாகப் பள்ளிக்கூடத்துக் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர். வகுப்பறை சூடாக இருக்கும்வரை கொதிகலன்காரனை யார் நினைக்கப்போகிறார்கள்?

அவர் ஓட்டியது பழுப்பு நிறக் குடும்ப வேன். மகள் சோல்வெய் மழலைப் பள்ளிக்குப் போனபோது வாங்கியது. இப்போது அவளுக்குக் கல்யாணம். அந்த ஊரில் ஆண்பிள்ளை என்றால் பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்அப் வண்டி வைத்திருக்க வேண்டும். வெர்லினின் மனைவியின் அண்ணன் ராட்னி வைத்திருந்தார். கறுப்பாக, மினுமினுவென்று, மிதிப்பலகையில் கால் வைத்து ஏற வேண்டிய உயரத்தில். மலையையே இழுக்கும் என்றார் அதை விற்றவர். இதுவரை அது சுமந்த பெரிய பாரம் ராட்னிதான்.

வெர்லினின் வீட்டுக் கீழ்த்தளத்தில் பத்தொன்பது வருஷமாக வெறும் மரச்சட்டங்கள் நின்றன. அடுத்த குளிர்காலத்துக்குள் சுவர் போட்டுவிடுகிறேன் என்று பத்தொன்பது தடவை சொல்லியாயிற்று. இப்போது அரிசோனாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேர் வருகிறார்கள். அவர்களைத் தங்கவைக்கக் கீழ்த்தளத்தை விட்டால் இடமில்லை.

"கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை சுவர் நிக்கணும்," என்றாள் மனைவி ஆர்லிஸ். "இல்லேன்னா சொல்லு. எங்க அண்ணன்கிட்ட சொல்லிக்கிறேன்."

வெர்லினுக்கு வலித்தது அந்தக் கடைசிப் பேச்சுதான். ராட்னி போட்ட சுவருக்குள் தன் சம்பந்தி குறட்டை விடுவதை நினைத்தபோது வாயில் வைத்த உருளைக்கிழங்கு இறங்க மறுத்தது. எப்பாடுபட்டாவது தானே போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

சட்டங்களை மூட எட்டுக்கு நாலு அடி ஜிப்சம் போர்டுகள் வேண்டும். அவ்வளவு பெரிய போர்டு பிக்அப்பில்தான் வரும் என்று ஊரே நம்பியது, வெர்லினும் நம்பினார். ஆனால் வண்டியை வாய் விட்டுக் கேட்க முடியாது, அவர்களாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் உடனே வாங்கிக்கொள்ள முடியாது. இரண்டு தடவை மறுத்து மூன்றாவது தடவை ஒப்புக்கொள்வதுதான் அங்கே முறை. முதல் தடவையே சரி என்பவன் பறக்காவெட்டி. மூன்றாவது தடவையும் மறுப்பவன் தலைக்கனம் பிடித்தவன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, நாலு பேர் காதில் விழும்படி ராட்னி சொன்னார். "போர்டு ஏத்தணும்னா என் பிக்அப் இருக்கு, எடுத்துக்க."

"சேச்சே, அதெல்லாம் வேண்டாம்."

"நெசமாத்தான் சொல்றேன்."

"உனக்கு எதுக்குச் சிரமம், விடு."

முறைப்படி இரண்டு ஆயிற்று. வெர்லின் மூன்றாவதுக்குக் காத்து நின்றார். ராட்னி கேக் எடுக்கப் போனார். போனவர் திரும்பவே இல்லை. அன்று மதியம் முழுக்க வெர்லின் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அது ஒரே ஒரு தடவை அடித்தது, அதுவும் தவறான எண்.

சனிக்கிழமை காலை, பிக்அப்பும் வேண்டாம் பிச்சையும் வேண்டாம் என்று வேனின் பின்சீட்டுகளைக் கழற்றி எடுத்தார். அடியில் ஒரு பொம்மையின் செருப்பும், கல்லாகிப்போன உருளைக்கிழங்கு வறுவல் ஏழும் கிடைத்தன. போர்டுகளைக் கூரைமேல் கட்டி, ஜன்னல் வழியே இடது கையை விட்டுப் பிடித்துக்கொண்டே வருவது என்பது திட்டம். அந்த வட்டாரத்தில் இடது கை ஒன்று போதும், புயலே வந்தாலும் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு.

மரவாடியில் கயிற்றை எடுத்தபோது அங்கே வேலை செய்த பெண் தடுத்தாள். "மேல எதுக்குங்க? உள்ள தள்ளுங்க."

தள்ளினார்கள். இரண்டு சக்கர மேடுகளுக்கும் நடுவில் போர்டு மல்லாந்து வழுக்கிக்கொண்டு போய் முன்சீட்டைத் தொட்டு நின்றது. பின்கதவை இறக்கினார். சாத்திக்கொண்டது. நம்ப முடியாமல் திறந்து, இன்னொரு தடவை சாத்திப் பார்த்தார். இத்தனை வருஷம் இந்த வேனுக்காக வெட்கப்பட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது.

இரண்டாவது நடை திரும்பும்போது முன்னால் ராட்னியின் பிக்அப் போனது. குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் போடும் மீன்பிடிக் குடிசைக்கு மூன்று பிளைவுட் பலகை வாங்கியிருந்தார். பிக்அப்பின் தொட்டி நீளம் ஐந்தரை அடி, பலகை எட்டடி. மிச்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதன் நுனியில் ஒரு சிவப்புத் துணி ஆடியது. ரயில் கேட்டு மேட்டில் வண்டி ஒரு குதி குதித்தது. ஆனைக்கும் அடி சறுக்கும். மூன்று பலகையும் ஒவ்வொன்றாக இறங்கிப் பக்கத்து பீட்ரூட் வயலுக்குள் போயின.

வெர்லின் வேனை நிறுத்தினார்.

"வேன்ல இடமிருக்கு, போட்டுக்கலாம்," என்றார்.

"பரவாயில்ல, வேண்டாம்."

"போர்டு மேலயே வச்சுக்கலாம், ராட்னி."

"இல்ல இல்ல, நான் பாத்துக்கறேன்."

இரண்டு ஆயிற்று. இத்தோடு வேனில் ஏறிப் போயிருந்தாலும் ஊரில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. வெர்லின் ஏறவும் ஏறினார், வண்டியைக் கிளப்பவும் கிளப்பினார். வயலில் ராட்னி ஒரு பலகையைத் தூக்குவதும் காற்று அதைப் பிடுங்குவதும் கண்ணாடியில் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்தார்.

"மூணாவது தடவை கேக்கறேன். ஏத்துறியா இல்லியா?"

ராட்னி ஏற்றினார். பின்கதவு சாத்திக்கொண்டதைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அன்னிக்கு நான் வேணும்னுதான் மூணாவது தடவை கேக்கல," என்றார் மெதுவாக. "கேட்டா நீ சரின்னுடுவ. என் வண்டியில ஒரு போர்டுகூடப் படுக்காதுன்னு தெரிஞ்சுபோகும்."

ராட்னி பிக்அப்பில் பின்னாலேயே வர, வெர்லினின் வீட்டு வாசலில் பலகைகளையும் போர்டுகளையும் இறக்கினார்கள். வாசலில் பிக்அப் நின்றதை மட்டும் ஆர்லிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் வெர்லின் ஒற்றை ஆளாகச் சுவர் போட்டு, பூசி, வெள்ளையும் அடித்துவிட்டார். அன்று மாலை சம்பந்திகளோடு சாப்பிட உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கிளேட்டன் கீழ்த்தளத்தைப் புகழ்ந்தார்.

"எங்க அண்ணன் பிக்அப் இல்லேன்னா இது நடந்திருக்குமா?" என்றாள் ஆர்லிஸ்.

"சேச்சே, நான் ஒண்ணும் பண்ணல," என்றார் ராட்னி.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் புன்னகை செய்தார்கள். ராட்னிக்கு வேர்த்தது. "நெசமா. என் வண்டியில ஒரு போர்டுகூட வரல."

உண்மையை இரண்டு தடவை சொன்னதில் அவருடைய அடக்கம்தான் இரண்டு மடங்காகத் தெரிந்தது. என்ன மனுஷன் என்று உறவுக்காரர்கள் தலையாட்டினார்கள். வெர்லின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு கொதித்தது.

ஆனால் கிளேட்டன் அரிசோனாக்காரர். சொன்னதைச் சொன்னபடி நம்பினார். "அப்ப எதுல வந்துச்சு?"

ராட்னி முள்கரண்டியால் வெர்லினைக் காட்டினார். கிளேட்டன் எழுந்து வெளியே போய் வேனைப் பார்த்துவிட்டு வந்தார். "அந்த வேன்லயா? எல்லாத்தையும் நீங்க ஒரு ஆளாவா கொண்டாந்து சுவர் போட்டீங்க? பெரிய வேலைங்க அது."

முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை வெர்லினிடம் யாரும் சொன்னதில்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பழகிய வாய் தானாகத் திறந்தது.

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"ஓ, அப்படியா," என்றார் கிளேட்டன். ஆப்பிள் பைப் பலகாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அரிசோனா வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

வெர்லின் காத்திருந்தார். வெயில் முடிந்தது, பலகாரமும் பாதி முடிந்தது. அந்தப் பாராட்டு இரண்டாவது தடவை வரவே இல்லை. எதிரே ராட்னி மட்டும் அவரைப் பார்த்தார், பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

ஆர்லிஸ் தட்டோடு அவர் பக்கம் வந்தாள். "இன்னொரு துண்டு வைக்கட்டுமா?"

"வை," என்றார் வெர்லின், முதல் தடவையிலேயே.