கரையில் நின்ற ஷெஹாத்தா

எங்கள் பக்கத்து வீட்டு ஷெஹாத்தாவுக்கு வாய்க்கால்தான் பிழைப்பு. ஆகாயத்தாமரை மண்டித் தண்ணீர் வயலுக்கு ஏறாமல் போனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அங்கியைச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் அரிவாளோடு இறங்கிவிடுவார். வேரெல்லாம் நத்தையாக ஒட்டியிருக்கும். அள்ளிக் கரையில் வீசுவார். வாத்துகள் அடித்துக்கொண்டு ஓடிவரும்.

நாற்பதைத் தாண்டியதும் கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்தது. காபிக்கடையில் கேலி செய்தார்கள்.

"என்ன அண்ணே, எத்தனாவது மாசம்?"

"பொறக்கட்டும், உன் பேரையே வெக்கிறேன். கழுதைக்கும் ஒரு பேரு வேணும்ல" என்பார்.

ஒருநாள் காலை ரொட்டியைப் பிட்டு அவரைக்கூழில் தொட்டவர், அப்படியே குனிந்து ரத்தமாக வாந்தி எடுத்தார். அவர் மனைவி சப்ரிய்யாவும் நானும் வண்டி பிடித்து நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இளவயது டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நத்தையிலேர்ந்து வெளிவர்ற புழு தண்ணியில நிக்கிறவங்க தோல் வழியா உள்ள போயிடும். சின்ன வயசுலேர்ந்தே போயிருக்கு. அது போட்ட முட்டை ஈரலை இறுக்கிப்போட்டுருச்சு. மாத்திரை புழுவைக் கொல்லும், ஈரலைப் பழையபடி ஆக்காது. இனிமே தண்ணியில இறங்காதீங்க."

"வேற எதுல இறங்குறது டாக்டரம்மா?"

அவர் நிஜமாகத்தான் கேட்டார்.

வாய்க்கால் வேலையை விட்டுவிட்டு அரிசி ஆலையில் காவலுக்கு உட்கார்ந்தார். ஆனால் வீட்டில் சப்ரிய்யா பாத்திரக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தினமும் வாய்க்காலுக்குத்தான் போனாள். ஒருநாள் வழிமறித்தார்.

"போகாதன்னு எத்தனை தடவை சொல்றது?"

"குழாயில காத்துதான் வருது. எச்சிலைத் தொட்டா பாத்திரம் கழுவுறது? நீங்களே சொல்லுங்க."

அவர் வழியை விட்டார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது இதைச் சொல்லி அழுதிருக்கிறார். "கரையேறின உடனே துண்டால அழுத்தித் தொடைச்சா கொஞ்சம் தடுக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது" என்றாளாம் டாக்டரம்மா. மறுநாளிலிருந்து மனிதர் துண்டோடு கரையில் நின்றார். சப்ரிய்யா ஏறியதும் குந்தி உட்கார்ந்து அவள் காலைத் தேய்ப்பார். அங்கே துவைத்துக்கொண்டிருந்த பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அடியே, நீ சுல்தான் பொண்டாட்டிடி!"

"விடுங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இந்தக் காலைக் காட்டு."

தோல் சிவக்கத் தேய்ப்பார். எழுந்திருக்க முடியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொள்வார்.

கோடையில் சுகாதாரக்காரர்கள் வந்து ஊர் முழுக்கச் சோதித்தார்கள். சப்ரிய்யாவின் மலத்தில் முட்டை இருந்தது. ஷெஹாத்தா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லாத்தானே தேய்ச்சேன்."

"மாத்திரை குடுத்திருக்காங்க. முழுங்குனா சரியாப் போயிடும்."

"முழுங்கிட்டு?"

"முழுங்கிட்டு நாளைக்குத் துணி துவைக்கணும்" என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். மறுநாளிலிருந்து அவர் துண்டை எடுத்துக்கொண்டு போவதை நிறுத்திவிட்டார்.

குளிர்காலத் தொடக்கத்தில் ஆலை வாசலிலேயே மறுபடி ரத்தம் வந்தது. இந்த முறை நிற்கவில்லை. வண்டி வருவதற்குள் அவர் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது சப்ரிய்யா அவர் வாயைத் தன் முக்காட்டால் துடைத்துக்கொண்டே இருந்தாள். யாரோ அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அன்று மாலையே அடக்கம் ஆனது. துக்கத்துக்கு ஊரே வந்தது. கசப்புக் காபி குடித்த கோப்பைகள் மறுநாள் காலை தாழ்வாரம் முழுக்கக் கிடந்தன. சப்ரிய்யா அவற்றைக் கூடையில் அடுக்கினாள். நான் இன்னொரு கூடையை எடுத்துக்கொண்டேன். இருவரும் வாய்க்காலுக்குப் போய் முழங்கால் வரை இறங்கிக் கழுவினோம்.