தகர டப்பாவின் ஒன்றரை நிமிடம்

போன வாரம் மகளுக்கு அழிரப்பர் வாங்கப் போனேன். பழவாசனை அடிக்கிற ரப்பர்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அது தீர்ந்துபோய், கடைக்காரர் வெள்ளையாக ஒரு சாதா ரப்பரைக் கொடுத்தார். மகள் அதை மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, என் கையிலேயே திணித்துவிட்டுப் போய்விட்டாள். நானும் மோந்து பார்த்தேன். அவ்வளவுதான், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றை மறந்துவிட்டேன். குழைந்த சோற்றைச் சாப்பிட்டபடி வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ரப்பர் வாசனைக்கும் சோவியத்து டாங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களுக்கு விளக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களிடம் முயன்று பார்க்கிறேன்.

தூத்துக்குடிக் காற்றில் உப்பு உண்டு. சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, பீரோப் பூட்டு என்று எதையும் அது விட்டுவைக்காது. கம்ப்யூட்டரையும்தான். திடீரென்று திரை கறுத்து, பெட்டி பீப் பீப் என்று கத்த ஆரம்பிக்கும். மூடியைக் கழற்றி, மெமரி அட்டையைப் பிடுங்கி, அதன் தங்கநிறப் பற்களை அழிரப்பரால் நன்றாகத் தேய்த்து மறுபடி செருகினால் உயிர் வந்துவிடும். கடற்கரைப் பக்கம் நாங்கள் போய்வந்த பிரவுசிங் சென்டரில் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பக்கத்திலும் ஒரு ரப்பர் நூலில் கட்டித் தொங்கும். ஞாயிறு காலை ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து ஏழு அட்டைகளைத் தேய்ப்போம். போருக்குப் போகுமுன் ஆயுதத்தைத் தீட்டுகிற வீரர்கள் என்று எங்களுக்கு நினைப்பு.

அந்த ஏழு பேரில் நான் எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும். ஏரல் பக்கம் ஆற்றுப்பாசனத்தில் நெல் விளைகிற ஊர் எனக்கு. படிப்பு முடிந்ததும் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை கிடைத்தது. கப்பலுக்குப் போகிற கண்டெய்னர்களின் காகிதங்களைத் தயார் செய்து, சுங்க அலுவலகத்துக்கும் துறைமுக வாசலுக்கும் ஸ்கூட்டியில் பறக்கிற வேலை. குறித்த நேரத்துக்குள் காகிதம் போய்ச் சேராவிட்டால் கப்பல் நமக்காக நிற்காது. நான் ஒருநாளும் கப்பலைத் தவறவிட்டதில்லை. இரண்டு முறை ஸ்கூட்டியோடு விழுந்திருக்கிறேன், அது வேறு கதை. தங்கியது கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் விடுதியில். அலுவலகத்தில் நான் ‘ஓடுற பிள்ளை’, விடுதியில் ‘பதினாலாம் நம்பர்’. பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் பக்கத்து மேசை பிரிஸ்கா ஒருத்திதான்.

பிரிஸ்கா கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அவளுடைய அண்ணன் கஸ்பார் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள். காலைப் பூசை கண்டதும் நாள் முழுக்க ஓய்வு. அந்த ஓய்வில் கஸ்பார் அண்ணன் கம்ப்யூட்டரில் டாங்கிச் சண்டை போடுவார். அதற்கென்று ஒரு அணியே வைத்திருந்தார்: அவர், பிரிஸ்கா, கடலுக்குப் போகிற நான்கு பையன்கள். ஏழாவது ஆள் கல்யாணமாகி, மனைவி கண்டித்துவிட்டதால் நின்றுபோனான். “சும்மா வந்து உக்காருளா, ஆள் எண்ணிக்கைக்கு” என்று பிரிஸ்கா என்னை இழுத்துப் போனாள். எண்ணிக்கைக்கு உட்கார்ந்தவள் இரண்டு வருடம் எழுந்திருக்கவில்லை.

இனி டாங்கி. விளையாட்டில் ஏகப்பட்ட நாட்டு வண்டிகள் உண்டு. நான் எடுத்தது கேவி-1எஸ் என்ற சோவியத்து வண்டி. பெயருக்குக் கன டாங்கி. ஆனால் அதற்கு முந்தைய கேவி ரொம்பக் கனத்து, சேற்றிலும் பாலத்திலும் திணறியதால், நிஜப் போரிலேயே அதன் கவசத் தகட்டைக் குறைத்து வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். விளையாட்டில் அதன்மேல் பெரிய பீரங்கி ஒன்றையும் ஏற்றலாம். ஒரு குண்டு பட்டால் எதிராளி பாதி காலி. அடுத்த குண்டு ஏறுவதற்குள் நாம் ஒரு வாய் டீ குடித்துவிடலாம். அதுவரை எங்காவது ஓடி ஒளிய வேண்டும், ஏனென்றால் நம் தகட்டை எவன் வேண்டுமானாலும் துளைப்பான். எனக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. பெரிய ஆள் என்று பெயர், உள்ளே மெலிசு, பிழைக்க ஓடியே ஆகவேண்டும். என்னை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

கஸ்பார் அண்ணனுக்குப் பிடிக்கவே இல்லை. அவர் வண்டி சுவர்போலத் தடித்தது, நத்தைபோல நகரும். கன வண்டி என்றால் முன்னால் நின்று அடி வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி. நானோ எல்லோருக்கும் முன்னால் போய் முதல் ஆளாகச் செத்துக்கொண்டிருந்தேன். ஹெட்ஃபோனில் அவர் சத்தம் காதைக் கிழிக்கும். “ஏளா, எங்கன ஓடுத? இங்கன நில்லு! அது டேங்க்கா, தகர டப்பாவா?” அன்றிலிருந்து என் வண்டிக்குத் தகர டப்பா என்றே பெயர்.

அப்போது வெளியூர் அணிகளோடு ஞாயிறுதோறும் போட்டி நடந்துகொண்டிருந்தது. அடுத்தடுத்து மூன்று வாரம் நான்தான் முதலில் செத்தேன். மூன்றிலும் தோற்றோம். மூன்றாவது வாரம் கஸ்பார் அண்ணன் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, கோபமில்லாமல் சொன்னார். “இன்னும் ஒரு வாரம் பாக்கேன். முதல்ல செத்தீன்னா, சித்தப்பா மவன் இருக்கான், அவன் வரட்டும். தப்பா நினைக்காத.”

தப்பாக நினைக்காமல் எப்படி இருப்பது? விடுதிக்குப் போய் தலையணையில் முகம் புதைத்து அழுதேன். ஒரு விளையாட்டுக்கு அழுதாயா என்று நீங்கள் சிரிக்கலாம், சிரியுங்கள். அந்த ஊரில் என்னுடையது என்று எனக்கு இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். நான் வராவிட்டால் ஆள் குறைகிறது என்று சொல்ல வேறு இடம் எனக்கு இல்லை. தகடு தடித்த வேறு வண்டிக்கு மாறியிருக்கலாம், பிரிஸ்காவும் அதையே சொன்னாள். எனக்கு வீம்பு, மாறவில்லை.

அந்த ஞாயிறு வந்தது. எதிரே கோயம்புத்தூர்க் கல்லூரிப் பையன்கள், நல்ல ஆட்டக்காரர்கள். வழக்கமாகப் போட்டி பதினொரு மணிக்குத் தொடங்கி அரைமணியில் முடிந்துவிடும். அன்று மின்சாரம் போனது, வந்தது, மறுபடி போனது. ஆட்டம் தொடங்கும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அதன் அபாயம் உறைக்கவில்லை.

ஆட்டத்தில் நடுவே ஒரு குன்று, இந்தப் பக்கம் எங்கள் முகாம், அந்தப் பக்கம் அவர்களுடையது. அணிக்கு இரண்டு வண்டி போயிருந்தது, ஐந்துக்கு ஐந்து. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பதுங்கியதில் இன்னும் சாகவில்லை. அவர்களுடைய தடித்த வண்டிகள் நான்கு குன்றைச் சுற்றி எங்கள் முகாமை நோக்கி வந்துகொண்டிருந்தன. கஸ்பார் அண்ணன் மறித்து நின்றபடி, “இப்ப யாரும் அசையாதீக” என்றார். அப்போது மாதா கோவில் மணி அடித்தது.

உச்சிப்பொழுது மணி அடித்தால் திரிகால செபம் சொல்ல வேண்டும். கஸ்பார் அண்ணன் நடுக்கடலிலும் வலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நிற்பாராம், பிரிஸ்கா சொல்லியிருக்கிறாள். நாற்காலிகள் பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், ஆறு பேரும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, கோவில் பக்கம் பார்த்து, கைகூப்பி, கண்ணை மூடி நிற்கிறார்கள். திரையில் அவர்கள் வண்டிகள் வேடிக்கை பார்ப்பதுபோல அப்படியே நிற்கின்றன. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது எப்படித் தெரியும்? அவர்கள் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

நான் கிறிஸ்தவள் இல்லாவிட்டாலும், விடுதியில் செப நேரத்தில் எழுந்து நின்று பழகியவள் ஆகையால், நானும் பாதி எழுந்துவிட்டேன். தோளில் ஒரு கை விழுந்தது. பிரிஸ்கா கண்ணைத் திறக்காமல், உதடு செபம் சொல்லிக்கொண்டிருக்க, என்னை அழுத்தி உட்காரவைத்தாள். அந்தக் கையின் கனத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு விநாடி ஆனது. பிறகு ஓட்டினேன்.

நேரே எதிரணியின் முதுகுப் பக்கம் போய், கடைசியாகப் போன வண்டியின் பின்னால் ஒரு குண்டு போட்டேன். பாதி உயிர் போயிற்று அதற்கு. எரிச்சலில் மூன்று வண்டிகள் என் பக்கம் திரும்பின. அதுதான் எனக்கு வேண்டும். குன்றுச் சரிவில் இறங்கி, ஓடையில் விழுந்து, பாலத்துக்கு அடியில் புகுந்து, மறுபக்கம் ஏறினேன். குண்டு ஏறியதும் பாறைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து இன்னொன்று. மறுபடி ஓட்டம். வேறு எந்தக் கன வண்டியும் அந்த ஓட்டம் ஓடியிருக்காது. அவர்கள் சுட்டதில் ஒன்று பட்டு முக்கால் உயிர் போனது. இன்னொன்று தகட்டை உரசிப் போனது. பக்கத்தில் “அருள்நிறைந்த மரியே” இரண்டாம் முறை ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் முறையும் முடிந்து, கடைசி மன்றாட்டும் முடிந்து, “ஆமென்” என்று ஆறு குரல் சேர்ந்து வருகிறவரை, என் வாழ்க்கையில் எந்தச் செபத்தையும் நான் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

உட்கார்ந்தார்கள். திரும்பாமல் போன நான்காவது வண்டி எங்களில் ஒரு பையனை மட்டும் முடித்திருந்தது. அவன் திரையைப் பார்த்துவிட்டு, “ஏலே, நான் எப்பலே செத்தேன்?” என்று கேட்டான். மற்றவர்கள் அப்படியே இருந்தார்கள். என்னைத் துரத்திய மூன்று வண்டிகளும் இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி ஓடைக்குள் நின்றிருந்தன. ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. ஜெயித்தோம். கீறினால் சாகிற உயிரோடு தகர டப்பா குன்றின்மேல் நின்றுகொண்டிருந்தது.

“என்னளா செஞ்ச? ரீப்ளே போடு” என்றார் கஸ்பார் அண்ணன். விளையாட்டே ஆட்டத்தைப் பதிவு செய்து வைக்கும். ஏழு பேரும் ஒரே திரையின் முன்னால் குவிந்து பார்த்தோம். அவர் அந்த ஒன்றரை நிமிடத்தை மூன்று தடவை ஓடவிட்டார். பிறகு தன் போனை எடுத்துச் சித்தப்பா மகனைக் கூப்பிட்டார். “நீ வர வேண்டாம்லே. ஆள் இருக்கு.” அடுத்த ஞாயிறு நான் போனபோது, அவருடைய சுவர் வண்டியைக் காணோம். அவரும் ஒரு கேவி-1எஸ் வாங்கி ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். ஓட்டத் தெரியாமல் முதல் ஆளாகச் செத்தார். அன்று முழுக்க எனக்குச் சிரிப்பை அடக்குவதே வேலையாக இருந்தது.

இப்போது அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். காகிதத்தைத் தூக்கிக்கொண்டு சுங்க அலுவலகத்துக்குப் பறக்க வேண்டியதில்லை, எல்லாம் இருந்த இடத்திலிருந்தே போய்விடுகிறது. கஸ்பார் அண்ணன் பஹ்ரைனில் யாருடைய படகிலோ மீன்பிடிக்கிறார். பிரிஸ்கா இத்தாலியில் நர்ஸ், பிறந்தநாளுக்கு மட்டும் பேசுவாள். அந்த விளையாட்டும் மாறிவிட்டது. என் வண்டியின் பெரிய பீரங்கியைப் பிடுங்கி வேறொரு வண்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். கேவி-1எஸ் என்ற பெயரில் இன்று ஓடுவது வேறு எதுவோ.

அன்றைய ரீப்ளேயை ஒரு பென்டிரைவில் போட்டு பிரிஸ்கா எனக்குக் கொடுத்திருந்தாள். குழைந்த சோறு சாப்பிட்ட அன்றைக்கே அதைத் தேடி எடுத்து, விளையாட்டை மறுபடி இறக்கி, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெருமையோடு திறந்தேன். பழைய பதிப்பில் பதிவானது, இயக்க முடியாது என்று திரையில் வந்தது. மகள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் பள்ளிக்கூட வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அந்த ஒன்றரை நிமிடம் நடந்தபோது என்னோடு இருந்த ஆறு பேரும் கண்ணை மூடி நின்றார்கள். கண்ணைத் திறந்து வைத்திருந்தது நான் மட்டும்தான்.