ஓடி வருபவனை நிறுத்தத் தெரியாத நால்வர்

காற்பந்தில் கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். கோல் விழுந்துவிட்டால் தற்காப்புக்குப் பயிற்சி கொடுத்தவன் எங்கே என்று தேடுவார்கள். தேடப்படும் அந்த ஆள் நான். வாரநாளில் சுங்கை காடுட் ஊரில் தொழிற்சாலை வேலை. சனி, ஞாயிறில் செண்டாயான் பக்கம் ஒரு கல்லூரிக் குழுவின் தற்காப்பு ஆட்டக்காரர்கள் நால்வரோடு மல்லுக்கட்டல். எதிராளி பந்தோடு ஓடி வந்தால் இவர்களால் நிறுத்த முடியாது. இதே பிழைப்பில் இருக்கும் பாவப்பட்ட தோழர்களே, இது உங்களுக்குத்தான் புரியும்.

ஒருவனுக்கு நால்வர்

முதல் ஆட்டம். எதிரணியில் ஏழாம் எண் சட்டைக்காரன் ஒருவன், ஒல்லியாக, பாதித் திடலிலிருந்து பந்தை உருட்டிக்கொண்டு கிளம்பினான். எங்கள் வலது பேக், அதாவது வலப்பக்கத் தற்காப்புக்காரன், அவனை மறிக்கப் போனான். சரி. இடது பேக்கும் போனான். நடுவில் நிற்க வேண்டிய இரண்டு பேரும் போனார்கள். நாலு பேரும் அவனைச் சுற்றி வளைத்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அவனோ நிதானமாகப் பந்தை அவர்களுக்கு இடையில் தட்டிவிட்டான். அந்தப் பக்கம் அவன் கூட்டாளி தனியாகக் காற்று வாங்கிக்கொண்டு நின்றிருந்தான். கோல். அன்றைக்கு மொத்தம் நாலு விழுந்தது.

எங்கள் கோல் காவலன் ஜமாலுக்கு, ராசா என்ற ஊரில் அப்பாவின் சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் கத்திப் பழகிய தொண்டை. இடைவேளையில் என்னிடம் வந்து கத்தினான்: "கோச், நாலு பேரும் ஒரே ஆளைப் பிடிக்கப் போயிட்டா, மிச்சம் இருக்கிறவங்களுக்கு நான் ஒருத்தனா டீ ஊத்திக் கொடுக்கறது?"

தேவனின் மரியாதை

தேவன் எங்கள் நடு பேக். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். எதிராளியின் தோளில் இவன் தோள் பட்டாலே, "சாரி பிரதர்" என்று ஒதுங்கிவிடுவான். இதை மாற்ற வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை நானே பந்தை எடுத்துக்கொண்டு அவனை நோக்கி ஓடினேன். என் வயது நாற்பத்தெட்டு. வயிறு தனிக்கணக்கு. முதல் தடவை வழி விட்டான். இரண்டாம் தடவையும் விட்டான். மூன்றாம் தடவை மூச்சு வாங்கப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்டா என்னை மறிக்கவே மாட்டேங்கிற?" என்றேன். தேவன் கவலையோடு குனிந்து பார்த்தான். "நீங்க விழுந்து கால உடைச்சிக்கிட்டா, திரும்பிப் போறப்ப நம்ம வேனை யாரு கோச் ஓட்டுவா?"

திடலுக்குள் வந்த மாடு

நாங்கள் பயிற்சி செய்யும் திடல் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றை ஒட்டியது. இன்னும் சில ஆட்டங்கள் கழிந்து ஒரு நாள், செம்பனை மரங்களுக்கிடையே மேய்ந்துகொண்டிருந்த கிடேரி ஒன்று மிரண்டு திடலுக்குள் பாய்ந்தது. எதிர்ப்பக்கம் பெரிய சாலை, லாரிகள் பறக்கும். மாட்டுக்காரி செல்வி அக்கா அலறிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்.

என் நால்வரும் அதைத் துரத்தவில்லை. அதன் எதிரே இரண்டு எட்டு தள்ளி நின்று, கைகளை விரித்து, பின்னோக்கி நகர்ந்தார்கள். "டேய், இடது பக்கம் பாரு!" "நடுவுல விடாத!" "மெதுவா, மெதுவா லா!" பருவம் முழுக்க வாயே திறக்காதவர்கள்! சாலைப் பக்கம் போக விடாமல், கிடேரியை ஓரமாக ஒதுக்கி வேலி மூலையில் நிறுத்தினார்கள். யார் கையும் அதன் மேல் படவில்லை. செல்வி அக்கா கயிற்றைப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்ளோ அழகா மறிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்களாப்பா, போன வாரம் அஞ்சு கோலு வாங்குனீங்க?"

கடைசி ஆட்டம்

அன்றே என் பழைய பயிற்சியை மூட்டை கட்டினேன். பாயாதே. தள்ளி நில். நடுவை மூடி, ஓரக் கோட்டுப் பக்கம் மட்டும் வழி விடு. பக்கத்தில் இருப்பவனிடம் பேசு. அவ்வளவுதான் புதிய பாடம்.

எங்கள் முன்வரிசைக்காரர்கள் கோல் போட்டுப் போட்டுக் குழுவை எப்படியோ கரைசேர்த்திருந்தார்கள். கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் அரையிறுதி. எதிரில் அதே ஏழாம் எண். அவன் ஓடி வந்தபோதெல்லாம் ஒருவன் எதிரே நகர்ந்தான், மற்ற மூவரும் இடத்தை விடாமல் சத்தம் போட்டார்கள். கடைசி நிமிடம், ஒருவனை ஏமாற்றிவிட்டு உள்ளே வந்தே விட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, தேவன் பாயாமல் பின்னோக்கி நகர்ந்து, அவனை ஓரத்துக்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தான். பந்து, ஆள் இரண்டும் ஓரக் கோட்டைத் தாண்டி வெளியே போயின. விசில்.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம்! கோப்பையே கிடைத்த மாதிரி கட்டிப் புரண்டோம். ஏழாம் எண்காரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைக் குலுக்கினான். "அண்ணே, உங்க ஆளுங்க யாருமே என்னைப் பிடிக்கல, ஆனா நான் எங்கேயும் போய்ச் சேரல."

தற்காப்புப் பயிற்சி என்பது, நாலு பேரை ஓடாமல் நிற்கச் சொல்லிவிட்டு, கோட்டுக்கு வெளியே ஆட்டம் முடியும்வரை நான் ஒருவனே ஓடுகிற வேலை.