பேராச்சி கொடுத்த வண்டுகள்

“இந்த வண்டையெல்லாம் கொட்டாம எனக்குத் தர முடியுமா?” என்று விசாலம் கேட்டபோது, அவள் வீட்டுக் கோதுமையைப் புடைத்துக்கொண்டிருந்த பேராச்சி கையை நிறுத்தினாள்.

“எல்லாரும் தூரக் கொட்டச் சொல்லுவாவ, நீங்க கேக்கியளே! என்னத்துக்கும்மா?”

“செம்பூர்ல எங்க ஆராய்ச்சிக்கூடத்துல வளர்க்கறோம்.”

“ரேஷன் கடையில வளக்கது பத்தாதாக்கும்?”

அது அறுபத்தாறாம் வருஷம். தாராவியிலிருந்து நடந்து வந்து, மாட்டுங்கா வீடுகளில் ரேஷன் கோதுமையைச் சுத்தம் செய்து கொடுப்பதுதான் பேராச்சியின் பிழைப்பு. தோல் பட்டறையில் வேலை பார்த்த புருஷன் செத்துப்போன பிறகு, அந்தக் கூலியில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவள் சுளகு கல்லையும் வண்டையும் பிரிக்கிற வேகம் விசாலத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் எந்தக் கருவிக்கும் கிடையாது.

வீட்டில் நாளுக்கு நாலு வார்த்தை பேசுகிற விசாலத்துக்கு அன்று வாய் திறந்துகொண்டது. கோதுமைக்குள்ளேயே சில புரதங்கள் இருக்கின்றன, அவை வண்டின் வயிற்றில் மாவுச்சத்தைச் செரிக்க விடாமல் தடுக்கும், அவை அதிகமுள்ள கோதுமையைப் பயிரிட்டால் மூட்டையில் வண்டே பெருகாது என்று மேடைப் பேச்சாளரைப் போல விளக்கினாள். அந்தப் புரதத்தைத் தின்றும் தன்னுடைய வண்டுகள் இரண்டு வருஷமாகக் கொழுத்துத் திரிவதை மட்டும் சொல்லவில்லை.

பேராச்சி சிரிக்கவில்லை. வண்டுகளை ஒரு டப்பாவில் தட்டி, மூடி, விசாலத்தின் கையில் கொடுத்தாள்.

“வண்டு இல்லாட்டா என்னைய யாரும்மா கூப்பிடுவா? எம்மவ மெட்ரிக் முடிக்க இன்னும் மூணு வருசம் கெடக்கு. அதுவரைக்கும் கொஞ்சம் மெதுவாக் கண்டுபிடிங்க.”