மாப்பிள்ளைக்குப் பதினோரு போன்

கேபிள் டிவி நடத்துகிறவனை, படம் ஒழுங்காகத் தெரியும்போது ஒருவரும் நினைப்பதில்லை. படம் போனால்தான் அவனுக்கு ஒரு பெயர் உண்டு என்பதும், அவனையும் ஒரு தாய் பெற்றாள் என்பதும் ஊருக்கு ஞாபகம் வரும். மின்வாரியத்திலோ கேஸ் ஏஜென்சியிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ உட்கார்ந்து போன் எடுக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கீழே எழுதியிருப்பவற்றில் ஒரு கணக்கை நான் பல வருஷமாக நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு மல்யுத்த வீரனுக்காகப் பதினோரு பேர் என் ஆபீசுக்குப் போன் செய்தார்கள் என்பது அந்தக் கணக்கு. அதை வைத்துத்தான் அந்த வருஷத்தின் முதல் இடத்தை அவனுக்குக் கொடுத்தேன். அதை வைத்தே, தகப்பனை இழந்த ஒரு பெண்ணுக்கு ஆறுதலும் சொன்னேன். கணக்கைச் சொன்னவள் பேச்சியம்மாள். பதினெட்டு வருஷமாக என் ஆபீசில் போன் எடுப்பவள். பேசுகிறவர் சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் எழுதி வைப்பாள், கெட்ட வார்த்தை உட்பட. இங்கே வரும் பேச்சுகளில் பாதி அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

எருமைக்கு ஐந்தாம் இடம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் என் ஆபீஸ். எங்களுக்கென்று ஒரு லோக்கல் சேனல் உண்டு. அருவியில் தண்ணீர் விழுகிறதா, எந்தத் தெருவில் குழாய் வராது, யார் வீட்டில் காதுகுத்து, இவ்வளவுதான் அதில் ஓடும். ஆனால் எங்கள் லைனில் ஆண்பிள்ளைகள் விரும்பிப் பார்த்தது விளையாட்டுச் சேனலில் வந்த வெளிநாட்டு மல்யுத்தம். அந்தப் பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் ஊரே பெயர் வைத்தது. கனத்தவன் எருமை. மஞ்சள் ஜட்டிக்காரன் மாம்பழம். முடியைத் தூக்கிக் கட்டியவன் கொண்டை. வெள்ளையில் ஜிகினா வைத்த கோட்டுப் போட்டு, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு சிரித்தபடி வந்து, வாரம் தவறாமல் அடி வாங்கிப் போகிறவன் மாப்பிள்ளை.

டிசம்பர் கடைசி ஞாயிறு, ‘இந்த வருஷம் அதிகம் ரசிக்க வைத்த பத்துப் பேர்’ என்று லோக்கல் சேனலில் ஒரு பட்டியல் போட ஆரம்பித்தேன். பலமோ பட்டமோ கணக்கில்லை, ரசிப்பு மட்டும்தான். முதல் வருஷம் என் மனசுக்குப் பட்டபடி வரிசைப்படுத்தினேன். சாப்பிட்டு முடித்த பிறகும் உப்பு சரியாக இருந்ததா என்று யோசிக்கிற ஆள் நான். அப்படி வரிசைப்படுத்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மறுநாள் எதிர்க்கடைப் புரோட்டா மாஸ்டர் மைதீன், கையில் ஒட்டிய மாவோடு வந்து நின்றார்.

“எருமை அஞ்சாவதா? நாளைக்கு நம்ம கடைக்கு வாங்க அண்ணாச்சி, அஞ்சு நாள் சுட்ட எண்ணெயில ஒங்களுக்குன்னு ஒண்ணு போட்டுத் தாரேன்.”

முதுகின் சாட்சி

பாங்கில் வேலை பார்க்கும் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்த சண்டைக்குப் பட்டியல் ஒரு கேடா என்று கேட்டார். அன்றைக்கு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முடிவு முதலிலேயே எழுதப்பட்டது என்றால் நான் எதை வரிசைப்படுத்துகிறேன்? அப்படிப் பார்த்தால் என் தொழில், என் கல்யாணம் இவற்றையெல்லாம் எந்த இடத்தில் வைப்பது?

பாங்க்காரர் அதைக் கேட்டபோது ஆபீசில் கடையநல்லூர்க்காரர் ஒருவர் இருந்தார். வளைகுடாவிலிருந்து லீவில் வந்து, தென்காசியில் கட்டிய புது வீட்டுக்குக் கனெக்‌ஷன் கேட்டு வந்தவர். அங்கே ஒரு மைதானத்தில் இந்தச் சண்டையை நேரில் பார்த்தவராம். பாங்க்காரரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“யாரு ஜெயிக்கணும்னு பேசி வச்சிருப்பாங்க சார். அவன் முதுகுகிட்ட யாரும் பேசி வைக்கல.”

குரங்கு காட்டிய வழி

சீசன் சமயத்தில் ஒரு நாள் குரங்கு ஒன்று பக்கத்து ஊர் மேலகரத்துக்குப் போகும் லைனைக் கடித்துவிட்டது. சரியாக எருமையின் சண்டை நடக்கும்போது. சாரலில் ஆள் கம்பத்தில் ஏறிச் சரிசெய்ய முக்கால் மணி நேரம் ஆனது. போன் ஓயவில்லை. பேச்சி ஒவ்வொருவரிடமும், “என்ன பாத்துக்கிட்டு இருந்தீக?” என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். சீரியல் பார்த்தவர்கள் ஒரு பக்கம், மல்யுத்தம் பார்த்தவர்கள் ஒரு பக்கம்.

அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. ரசிப்பை அளக்க ஒரு வழி இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று யாரும் போன் செய்யப் போவதில்லை. பிடுங்கினால் செய்வார்கள். யாருக்காக ஊர் அதிகம் திட்டுகிறதோ அவன்தான் முதல் இடம். மேலகரம் லைனின் சுவிட்ச் என் நாற்காலிக்குப் பின்னால், கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. இனி குரங்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பழியை அதன் மேலேயே போட்டுக்கொள்ளலாம். அதன் பிறகு ஒவ்வொருவன் சண்டையின்போதும் ஒரு தடவை அந்தச் சுவிட்சை அணைத்தவன் நான்தான். அன்றைக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது. பேச்சி நோட்டை என் முன்னால் வைத்தாள்.

“எருமைக்கு இருவத்திமூணு அண்ணே. அதுல ஒங்க அம்மையச் சேத்துத் திட்டுனவுக ஏழு.”

கண்டக்டர் அண்ணாச்சி

மேலகரத்தில் சங்கரலிங்கம் என்று ஒருவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தருவிப் பாறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, முப்பது வருஷம் நின்றபடியே சம்பாதித்த மனுஷன் படுக்கையில் கிடந்தார். சுந்தரபாண்டியபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள் கோமதி வாரம் இரண்டு முறை வந்து போவாள். மற்ற நேரமெல்லாம் டிவியும், பட்டன் போன் ஒன்றும்தான். ஒவ்வொரு வருஷமும் பட்டியல் ஓடி முடியும் முன்பே அவர் போன் வந்துவிடும். என் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. “ஏலே கேபிளு” என்றுதான் ஆரம்பிப்பார்.

பட்டியலில் மாப்பிள்ளை ஏன் இல்லை என்பது அவர் வழக்கு. அவன் ஒரு சண்டைகூட ஜெயித்ததில்லையே என்றேன். அதனால்தான் கேட்கிறேன் என்றார். எருமை தூக்கிப்போடும்போது மேலே பறந்து, கையைக் காலை விரித்து, பார்க்கிறவனுக்கே எலும்பு நொறுங்குகிற மாதிரி விழுகிறவன் மாப்பிள்ளை. அவன் அப்படி விழாவிட்டால் எருமை வெறும் சதைப் பிண்டம். நியாயமான பேச்சுதான். ஆனால் வருஷா வருஷம் ஒருவர் நம்மைவிட நியாயமாகப் பேசினால், கேட்கிறவனுக்கு எரிச்சல்தான் வருகிறது.

“விழத் தெரிஞ்சவன் ஒருத்தன் வேணும்லாலே. எனக்குத் தெரியாமப் போச்சு, இந்தா கெடக்கேன்.”

சுவிட்ச்

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதத்து ஞாயிறு. மாப்பிள்ளையின் சண்டை வந்தது. எப்போதும் மூன்று நான்கு நிமிஷத்தில் முடிந்துவிடும். அன்றைக்குச் சுவிட்சை அணைத்தது பட்டியலுக்காக என்று சொன்னால் பொய். கண்டக்டர் அண்ணாச்சியிடம், ‘உங்க மாப்பிள்ளைக்கு வந்த போன் சைபர்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை. போனை எடுத்ததும் வைத்துவிடு, பேசிக்கொண்டிருக்காதே, லைன் காலியாக இருந்தால்தான் அடுத்த போன் வரும் என்று பேச்சியிடம் சொன்னேன்.

கடிகாரத்தையே பார்த்திருந்து, மூன்று நிமிஷம் கழித்துச் சுவிட்சைப் போட்டு நிமிர்ந்தபோது ஆபீஸ் டிவியில் மாப்பிள்ளை எழுந்து நின்றுகொண்டிருந்தான். நடுவர் அவன் கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். எருமை தரையில். ஜெயித்தது அவனுக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி, கூட்டத்தைப் பார்க்காமல் தன் கையையே பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் ஜெயித்த ஒரே சண்டை அது. மேலகரம் முழுவதும் அந்த மூன்று நிமிஷத்தை நான் இருட்டாக்கி வைத்திருந்தேன். பேச்சி எழுந்து வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“பதினோரு பேரு அண்ணே. எல்லாம் மாப்பிள்ளைக்குத்தான்.”

பத்து நிமிஷத் தூரம்

மறுநாள் காலை அதே நிகழ்ச்சி மறுபடி வந்தது. மேலகரத்தில் அன்றைக்கு மாதாந்திர மின்தடை. அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் சண்டையை நான் பதிவு செய்து என் செல்போனில் வைத்திருந்தேன். பைக்கில் போனால் அண்ணாச்சி வீடு பத்து நிமிஷம். ஒரு எட்டுப் போய், கட்டிலருகே உட்கார்ந்து, இந்தாங்க பாருங்க என்று காட்டியிருக்கலாம். காட்டினால், நேற்று லைன் ஏன் போனது என்று கேட்பார். குரங்கு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போனில் சொல்லிவிடலாம், முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று மூன்று மாதம் போனது.

ஐப்பசி மழையில் அவர் இறந்துபோனார். பதினாறாம் நாள் முடிந்து கோமதி செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வயரை அழகாகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். நான் அவளிடம், “ஒங்க அப்பா சொன்னதுதான் சரிம்மா. மாப்பிள்ளைக்காக அன்னைக்கி ஊர்ல பதினோரு பேர் போன் பண்ணுனாங்க” என்றேன். அவள் சந்தோஷப்பட்ட மாதிரித்தான் இருந்தது. பக்கத்தில் பேச்சி தலை நிமிராமல் ரசீது எழுதிக்கொண்டிருந்தாள். கோமதி வாசல் வரை போய்த் திரும்பிச் சொன்னாள்.

“அவன் ஜெயிச்சத மட்டும் அப்பா பாக்கல அண்ணே. கடைசி வரைக்கும் அந்தக் கொரங்கத்தான் திட்டிக்கிட்டுக் கெடந்தாவ.”

முதல் இடம்

அந்த டிசம்பரில் மாப்பிள்ளையை முதலில் போட்டேன். எருமைக்கு இருபத்திமூன்று வந்ததே என்று கேட்பீர்கள். அது வேறு வருஷம், முக்கால் மணி நேரம். இது மூன்றே நிமிஷத்தில் பதினொன்று. கணக்குப்படி சரிதான். கணக்குக்காகத்தான் போட்டேனா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்காக வழக்குப் பேச இருந்த ஒரே ஆள் போய்விட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். மைதீன் கடை வாசலிலிருந்தே கத்தினார்.

“மாப்பிள்ளைக்கு மொத எடமா? பொண்ணு வீட்டுக்காரனே ஒத்துக்க மாட்டான் அண்ணாச்சி!”

நோட்டில் பதினோரு கோடு

அன்றிலிருந்து நான் பார்க்கிற ஆளையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு மாப்பிள்ளைக்காகப் போன் செய்தீர்களா? மேலகரத்தில் ஒருவர்கூட ஆமாம் என்று சொன்னதில்லை. இன்னொன்று. மூன்று நிமிஷம் லைன் போயும் அன்றைக்குச் சீரியல் பார்க்கிற ஒரு வீட்டிலிருந்துகூடப் போன் இல்லை. ஆபீசில் இருப்பது ஒரே போன். அதை வேறு யாரோ விடாமல் பிடித்திருந்தால்தான் அப்படி ஆகும்.

இப்போது மல்யுத்தம் டிவியை விட்டுச் செல்போனுக்குப் போய்விட்டது. எங்கள் கனெக்‌ஷன்களும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கின்றன. பேச்சியும் இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறாள். கோயம்புத்தூரில் மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள். போன வாரம் பீரோவைக் காலி செய்தபோது அந்த வருஷத்து நோட்டு கையில் கிடைத்தது. எல்லாப் பக்கத்திலும் பெயர், தெரு, திட்டு. அந்த ஞாயிறுக்கு மட்டும் பதினோரு கோடு. பெயர் இல்லை, பேச்சு இல்லை. நோட்டை அவள் முன்னால் விரித்து வைத்தேன். அவள் அதைத் தன் பக்கம் திருப்பினாள்.

“ஒரே ஆளுதான் அண்ணே. எடுத்ததும் வையின்னு நீங்கதான் சொன்னிய. ‘ஏலே கேபிளு’ம்பாரு, வச்சிருவேன். திரும்ப அடிக்கும். பத்துத் தடவ வச்சேன்.”

“பதினோரு பேருன்னு எதுக்குச் சொன்ன?”

“நீங்க சைபரக் கேக்க மூஞ்சிய வச்சிக்கிட்டு நின்னிய. அந்த மனுசன் ஒரு தடவயாவது ஜெயிக்கட்டுமேன்னு சொல்லிட்டேன்.”

ஜெயித்தார்தான், மாப்பிள்ளையைப் போலவே, மேலகரத்தில் ஒருவரும் பார்க்காத நேரத்தில். ஊர் எதை ரசிக்கிறது என்று கண்டுபிடிக்க, ரசிக்கிறவனிடமிருந்து அதைப் பிடுங்கிப் பார்த்ததுதான் இந்தத் தொழிலில் நான் கற்ற ஒரே வித்தை. பதினோராவது கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு பேச்சியிடம் கேட்டேன்.

“பத்துத் தடவ வச்சேன்னு சொன்ன. பதினோராவது தடவ வைக்காமக் கேட்டியே, என்ன சொன்னாரு?”